கையால் தைத்த கில்ட் அந்த விலைக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், முழங்கால் வரை வரும் மடிப்பு வைத்த கட்டத் துணி உடை. அங்கே தலைநகர் எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் 40 பவுண்டு கில்ட் தொங்கும் கடையும் உண்டு, 800 பவுண்டுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் கடையும் உண்டு. வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டிலும் அதே கட்டம், அதே மடிப்பு. ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர்கள், அங்கே சம்பந்தம் செய்துகொண்டவர்கள், பைப் இசைக் குழுவில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். விலைகள் கடைக்குக் கடை மாறும். தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது உடுத்தப் போகிறீர்கள், அடுத்த சில வருடங்களில் உடம்பு பெரிதாக ஏறி இறங்காது என்றால் தாராளமாக வாங்கலாம். நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். இடையில் 150, 200 பவுண்டுக்கு ‘8 கெஜம், பாரம்பரியத் தையல்’ என்று விற்கும் ரகம் ஒன்று இருக்கிறது. பலர் ஏமாறுவது அதில்தான். அந்த விலையில் நல்ல கம்பளியும் கைத்தையலும் சேர்ந்து கிடைக்க வழியே இல்லை.

700 பவுண்டு எது எதற்குப் போகிறது?

முதலில் துணி. 8 கெஜக் கில்ட் என்றால் மில்லிலிருந்து 8 கெஜம் வாங்குவதில்லை. கில்ட் துணி சுமார் 56 முதல் 60 அங்குல அகலத்தில் நெய்து வரும். அதில் 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு பாதியையும் ஒரு மடிப்புக்குள் மறையும்படி இணைத்தால் 8 கெஜம் ஆகிவிடும். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வெட்டிய ஒவ்வொரு பாதியிலும் ஒரு பக்கம் தறியில் நெய்த ஓரம் அப்படியே இருக்கும். அந்த ஓரம்தான் கில்டின் கீழ் விளிம்பு. நல்ல கில்டுக்குக் கீழே ஓரம் அடிப்பதே கிடையாது. அதனால் கீழ் விளிம்பு நூல் பிரியாமல், தடிக்காமல், கத்திபோல் நேராக நிற்கும்படி மில் தனியாகக் கவனித்து நெய்ய வேண்டும். லோக்கேரன், ஹவுஸ் ஆஃப் எட்கர், டி.சி. டால்க்ளீஷ், மார்ட்டன் மில்ஸ் போன்றவர்களின் துணி விலையில் இந்த வேலையும் அடக்கம்.

அடுத்தது கூலி. கையால் தைப்பவர் ஒரு கில்டுக்கு 15 முதல் 25 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அதற்கு மேல் கடை வாடகை, வார், பக்கிள், லைனிங். கடைசியாக 20 சதவீத வாட் வரி. 720 பவுண்டு பில் என்றால் அதில் 120 பவுண்டு அரசுக்கே போகிறது.

எங்கள் கணக்கில் பணம் போட வேண்டிய இடங்கள் துணியும் கையும் மட்டுமே. மரப்பெட்டி, குலச் சின்னம் போட்ட சான்றிதழ், ‘லிமிடெட் எடிஷன்’ முத்திரை ஆகியவற்றுக்காக விலை ஏறினால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

8 கெஜம் கட்டாயமா? 5 கெஜம் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். சீட் அளவு, அதாவது பிட்டத்தின் அகலமான இடத்துச் சுற்றளவு, 40 அங்குலம் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறையப் பாதி, 20 அங்குலம், முன்பக்கத்து மடிப்பில்லாத ஏப்ரன். மீதி 20 அங்குலம் பின்னால் மடிப்புகள். டார்ட்டன் எனப்படும் அந்தக் கட்டத் துணியில் ஒரு முழுக் கட்டம், அதாவது நிறக்கோடுகள் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் தூரம், 8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8 கெஜம் என்பது 288 அங்குலம். மேல் ஏப்ரன், அதன் கீழே மறையும் உள் ஏப்ரன், பக்கவாட்டு ஆழ்மடிப்பு, ஓரத்து உள்மடிப்பு எல்லாவற்றுக்கும் 72 அங்குலம் போனால் மீதி 216. ஒரு மடிப்புக்கு ஒரு முழுக் கட்டம் வீதம் 27 மடிப்பு வரும். 20 அங்குலத்தை 27ஆல் வகுத்தால் வெளியே தெரியும் அகலம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மடிப்பின் ஆழமும் மூன்றரை அங்குலத்துக்கு மேல்.

அதே கணக்கை 5 கெஜத்துக்குப் போடுங்கள். 180இல் 72 போனால் 108. வருவது 13 மடிப்புதான். வெளியே தெரியும் அகலம் ஒன்றரை அங்குலம். ஆழம் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை, மூன்றேகால் அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆக நடக்கும்போது பின்பக்கம் அசைவது 8 கெஜத்தில் அடர்த்தியாகவும் 5 கெஜத்தில் கொஞ்சம் தட்டையாகவும் தெரியும். மற்றபடி 5 கெஜம் குறைபாடுள்ள உடை அல்ல. எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும், இடுப்பைச் சுற்றிச் சூடும் குறையும்.

‘மரபு என்றாலே 8 கெஜம்’ என்பதும் முழு உண்மை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைத்த கில்டுகள் ஏறத்தாழ 4 கெஜத்தில், இரு பக்கமும் மடித்த பெட்டி மடிப்போடு இருந்தன. சேலைக் கொசுவம்போல் எல்லா மடிப்பும் ஒரே திசை பார்க்கும் 8 கெஜ ரகம் பரவலானது அதற்குப் பிறகுதான். கையில் 450 பவுண்டுதான் இருக்கிறது என்றால், மெஷினில் தைத்த 8 கெஜத்தை விட்டுவிட்டு, நல்ல கம்பளியில் கையால் தைத்த 4 அல்லது 5 கெஜக் கில்டை வாங்குங்கள்.

கைத்தையல் என்கிறார்களே, மெஷினில் தைத்தால் என்ன கெட்டுப்போகும்?

இடுப்பிலிருந்து சீட் வரை, அதாவது மடிப்புகள் தைத்து இறுக்கப்பட்டிருக்கும் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஃபெல் என்று பெயர். கில்டின் உயிர் அங்கேதான். மேலே சொன்ன அதே ஆளின் இடுப்பு 34 அங்குலம் என்றால் பின்பாதி 17 அங்குலம். அதை 27 மடிப்புக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 0.63 அங்குலம். கீழே சீட்டில் 0.74. ஒவ்வொரு மடிப்பும் கீழிருந்து மேலே போகும்போது சுமார் 3 மில்லிமீட்டர் ஒடுங்க வேண்டும். ஒடுங்கும்போதே கட்டத்தின் குறுக்குக் கோடு பக்கத்து மடிப்பின் கோட்டோடு பிசகாமல் சேர வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால்கூட 27 மடிப்பில் 27 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரு அங்குலத்துக்கு மேல் இடுப்பு பெரிதாகவோ சிறிதாகவோ போய்விடும்.

கையால் தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் துணியை விரலால் நகர்த்திக் கோட்டைச் சேர்க்கிறார். கட்டத்தின் நிறம் மாறும் இடத்தில் நூலையும் மாற்றுகிறார். 8 அங்குல ஃபெல்லில் அங்குலத்துக்கு 10 தையல் என்றால் மடிப்புகளுக்கு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். மெஷினில் பிரஷர் ஃபுட் மேல் துணியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகும். கம்பளி வழுகும், கோடு படிப்படியாக ஏறும் அல்லது இறங்கும். கவனமாகத் தைக்கும் ஆள் மெஷினிலும் நன்றாகச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் மெஷினுக்கு மாறுவதே நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அதனால் பெரும்பாலும் ஒடுக்கும் வேலையும் கூடவே சுருங்கிவிடுகிறது. நேராகத் தைத்துவிட்டு இடுப்புப் பட்டியில் இழுத்துப் பிடித்திருப்பார்கள். முதுகுக்குக் கீழே உப்பித் தெரிவது அதனால்தான்.

வெளியே தெரியாத வேலை என்ன இருக்கிறது?

விலையைப் பற்றிய சந்தேகம் உள்ளவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. லைனிங்குக்குப் பின்னால் இருப்பவற்றைப் பார்த்துத்தான் நல்ல கில்டையும் சாதாரணக் கில்டையும் பிரிக்க முடியும்.

ஃபெல் தைத்து முடித்ததும் உள்ளே ஏகப்பட்ட மடிப்புத் துணி அடுக்கடுக்காக நிற்கும். இடுப்பில் அது தடிக்காமலிருக்க மேல்பகுதியில் உபரித் துணியை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டியதும் அந்த இடம் பலவீனப்படும். அதைத் தாங்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. ஃபெல்லின் அடிக்குச் சற்று மேலே, உட்புறம் எல்லா மடிப்புகளையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு வரிசை கைத்தையல் போடுவது ஸ்டீக்கிங். தொங்கும் மடிப்புகளின் எடையைத் தாங்குவது அதுதான். அதன் மேல் ஒரு பட்டைத் துணி ஒரு வாரிலிருந்து மறு வார் வரை போகும், பக்கிளை இறுக்கும்போது வரும் இழுவை மடிப்புத் தையலில் விழாமல் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கேன்வாஸ், குதிரைமுடி கலந்ததோ கெட்டிப் பருத்தியோ, உருவம் குலையாமல் நிறுத்தும். இவற்றை மூடிப் பருத்தி லைனிங்.

ஸ்டீக்கிங் இல்லாத கில்ட் வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஓரிரு வருடம் உடுத்தியதும் ஃபெல் முடியும் கோட்டில் தையல் இழுபட்டு, நடு மடிப்புகள் கீழே இறங்கி, பின்விளிம்பு வளைந்து தொங்கும். ஒட்டும் கேன்வாஸை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி முடித்தவற்றில் சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு குமிழ் கிளம்பும். லைனிங்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல முடியாது. பட்டறையில் தைத்துக்கொண்டிருக்கும் கில்ட் ஒன்றைக் காட்டச் சொல்லலாம். நல்ல தையல்காரர்கள் ஆசையாகவே காட்டுவார்கள்.

13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்பது எதன் எடை?

முழு அகலத் துணியில் ஒரு கெஜத்தின் எடை. 16 அவுன்ஸ் துணி மீட்டருக்குச் சுமார் 500 கிராம், 13 அவுன்ஸ் சுமார் 400 கிராம், 10 அவுன்ஸ் சுமார் 310 கிராம். 8 கெஜக் கில்டுக்கு முழு அகலத்தில் 4 கெஜம் என்பதால் 16 அவுன்ஸில் துணி மட்டுமே 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ.

எடை கூடினால் மடிப்பு கூர்மையாக விழும், கசங்காது, காற்றுக்குத் தூக்காது, இஸ்திரி நாள்பட நிற்கும். கைத்தையல்காரர்கள் பெரும்பாலும் 16 அவுன்ஸையே விரும்புவார்கள், நாங்களும் அதையே சொல்வோம். 13 அவுன்ஸ் வாடகைக் கடைகளிலும் கல்யாண உடையிலும் அதிகம். மண்டபத்துக்குள் ஆட வசதி, டார்ட்டன் தேர்வும் நிறைய. 10, 11 அவுன்ஸ் ஹைலேண்டு நடனக்காரர்களுக்கானது. துள்ளும்போது மடிப்பு விரிந்து உடனே திரும்ப வேண்டும் என்பதற்காக அவர்கள் எடுப்பது. அதைக் கல்யாணத்துக்குத் தைத்தால் உட்கார்ந்து எழுந்ததும் பின்பக்கம் சுருக்கம் விழுந்துவிடும்.

கம்பளி அல்லாதவை?

பாலி-விஸ்கோஸ் மோசமில்லை. வீட்டில் குறைந்த சூட்டில் துவைக்கலாம், அந்துப்பூச்சி தொடாது, மடிப்பும் ஓரளவு நிற்கும். மலையேற்றம், மழை, சேறு, பீர் சிந்தும் திருவிழா என்று அடிக்கடி அழுக்காகும் இடங்களுக்கு 100 முதல் 200 பவுண்டில் இது நல்ல தேர்வு. தொங்கும் கனம் மட்டும் கம்பளிக்கு வராது.

அக்ரிலிக் வேண்டாம். மடிப்பு நிற்காது, தேய்மானத்தில் பஞ்சுருண்டை கட்டும், காலுறையோடு ஒட்டிக்கொண்டு மின்பொறி தெறிக்கும், சூடான இஸ்திரிப் பெட்டியில் உருகிப் பளபளக்கும். 30, 40 பவுண்டுக் கில்டுகள் பெரும்பாலும் இதுதான். பாகிஸ்தானின் சியால்கோட்டில் பைப் கருவிகளோடு சேர்த்துக் கில்டுகளும் ஏராளமாகத் தயாராகின்றன. அங்கே கை தேர்ந்த தையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை, குறை அவர்களுடையதும் இல்லை. மொத்த வியாபாரி கொடுக்கும் விலைக்கு அந்தத் துணியும் அந்த நேரமும்தான் கட்டுப்படியாகும்.

கடையில் கையில் எடுத்து எதைப் பார்ப்பது?

முதலில் கீழ் விளிம்பைத் திருப்புங்கள். ஓரம் அடித்திருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஓரம் அடித்த துணி ஒவ்வொரு மடிப்பிலும் இரட்டிப்பாகி 27 மடிப்பிலும் தடிக்கும், கீழே விரிந்து நிற்கும்.

பிறகு பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். குறுக்குக் கோடுகள் இடமிருந்து வலமாக ஒரே நேர்கோட்டில் போகிறதா, ஃபெல்லில் மடிப்புகள் மேலே ஒடுங்குகிறதா என்று கவனியுங்கள். மடிப்புகளை எண்ணுங்கள். 8 கெஜம் என்று சொல்லிவிட்டு 15 மடிப்பு இருந்தால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. ஒரு மடிப்பை விரித்து ஆழத்தை அளந்து பாருங்கள், 2 அங்குலத்துக்குள் இருந்தால் துணியைக் குறைத்துவிட்டார்கள். உள் ஏப்ரன் இடப்பக்க இடுப்புவரை முழுதாகப் போய்ச் சேர வேண்டும். வார் தோலாக இருக்க வேண்டும், வெல்க்ரோ இருந்தால் அது விளையாட்டுச் சாமான். வழக்கமாக வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று என மூன்று வார். இடப்பக்க வார் துணியில் போட்ட துவாரம் வழியாக வெளியே வரும். அந்தத் துவாரத்தின் ஓரம் சுத்தமாகக் கட்டியிருக்கிறதா என்பதிலேயே தைத்தவரின் கை தெரிந்துவிடும்.

‘மேட் இன் ஸ்காட்லாந்து’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நெய்த இடமும் தைத்த இடமும் வேறுவேறாக இருக்கலாம். ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1993இல் தனிச் சட்டமே வந்தது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் உள்ளவர் தன் வீட்டில் நெய்யாததை அந்தப் பெயரில் விற்க முடியாது. கில்டுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. அதனால் முத்திரையைப் பார்த்துத் திருப்திப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: துணி எந்த மில், தைத்தவர் எந்த ஊரில் இருக்கிறார். பதில் தயங்கினால் விலையும் இறங்க வேண்டும். மார்ட்டன் மில்ஸ் இங்கிலாந்தின் யார்க்ஷரில் இருக்கிறது, அதன் கம்பளி தரத்தில் குறைந்தது இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

எனக்கு ஸ்காட்லாந்துக் குலம் எதுவும் இல்லை. எந்த டார்ட்டன் உடுத்தலாம்? அதில் விலை மாறுமா?

எதையும் உடுத்தலாம், தடுக்கும் சட்டம் இல்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் டார்ட்டனை மட்டும் மரபு கருதித் தவிர்ப்பார்கள். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற பட்டியல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், நான்காம் ஜார்ஜ் மன்னர் 1822இல் எடின்பரோ வந்ததை ஒட்டி எழுந்த மோகத்தில் உறுதிப்பட்டது. பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட் போன்றவற்றை யார் உடுத்தினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

விலை மாறுவது உண்மை. மில்லில் இருப்பு வைத்திருக்கும் டார்ட்டன் என்றால் சாதாரண விலை. இருப்பில் இல்லாததைத் தனியாக நெய்யச் சொன்னால் துணி விலை வெகுவாக ஏறும், மாதங்களும் கூடும். 2009 முதல் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இயங்குகிறது. அதில் ஆயிரக்கணக்கானவை பதிவாகியிருக்கின்றன, ஆனால் பதிவானதெல்லாம் துணியாகக் கிடைக்காது. முதல் கில்டுக்கு இருப்புத் துணியே போதும்.

ஒரே டார்ட்டன் ‘மாடர்ன்’, ‘ஏன்ஷியன்ட்’, ‘வெதர்டு’ என்று வெவ்வேறு சாயத்தில் வரும். மாடர்ன் அழுத்தமான நிறம், ஏன்ஷியன்ட் வெளிர் நிறம், வெதர்டு பழுப்பும் சாம்பலும் கலந்தது. கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துண்டுத் துணி அனுப்பச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அளவெடுப்பதில் எங்கே தவறுகிறது?

பேண்ட் அளவைச் சொல்வதில்தான். பேண்ட் இடுப்பெலும்பில் நிற்கும், கில்ட் தொப்புள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ நிற்கும். 34 என்று பேண்ட் வாங்குபவருக்கு அங்கே 36, 38 வரலாம்.

இன்னொருவர்தான் அளக்க வேண்டும். நீங்கள் நேரே பார்த்து நில்லுங்கள். அளவு நாடாவைக் குனிந்து பார்த்தால் நீளம் ஒரு அங்குலம் தப்பும். தொப்புள் மட்டத்தில் இடுப்பு, பாக்கெட்டில் எதுவும் இல்லாமல் பிட்டத்தின் அகலமான இடத்தில் சீட், இடுப்புக் கோட்டிலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரை நீளம். சரிபார்க்க, தரையில் மண்டியிட்டு நிமிர்ந்தால் விளிம்பு தரைக்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். இடுப்பு கச்சிதமாக இருக்கலாம், சீட் பிடிக்கவே கூடாது. சீட் இறுகினால் 700 பவுண்டுக் கில்டிலும் மடிப்புகள் வாய் திறந்து நிற்கும்.

உடம்பு ஏறினால்?

பக்கிளை நகர்த்தித் தைத்தால் 2 அங்குலம் வரை சமாளிக்கலாம், செலவும் குறைவு. அதற்கு மேல் என்றால் ஃபெல்லைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அது ஏறக்குறையப் புதுக் கில்ட் தைக்கும் வேலை. நீளத்தை மாற்றவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே நெய்த ஓரம், மேலே ஃபெல். எடை குறைக்கும் திட்டத்தில் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு வாடகையோ பழையதோ போதும்.

கில்டோடு செலவு முடிந்ததா?

முடியாது. ஜாக்கெட்டும் வெயிஸ்ட்கோட்டும் 200 முதல் 350 பவுண்டு, முன்னால் தொங்கும் ஸ்போரன் பை 60 முதல் 200, தோல் பெல்ட், காலுறை, அதில் தொங்கும் ஃப்ளாஷ் நாடா, கில்லி ப்ரோக் காலணி, பின் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. கில்டுக்கு மேல் இன்னும் 460 முதல் 750 பவுண்டு என்று வையுங்கள். இவற்றில் மிச்சம் பிடிக்கலாம், கில்டில் பிடிக்காதீர்கள். சாதாரணத் தோல் ஸ்போரனும் பழைய ஜாக்கெட்டும் நல்ல கில்டோடு எடுப்பாகவே இருக்கும். காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக அணிய பிரிட்டனில் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள்.

வாடகையோடு ஒப்பிட்டால் எத்தனை தடவையில் ஈடாகும்?

முழு உடை வாடகை ஒரு தடவைக்கு 100 பவுண்டு, வாங்கினால் முழு உடை 1,200 பவுண்டு என்றால் 12 தடவை. வருடம் மூன்று கல்யாணமோ விருந்தோ என்றால் நான்கு வருடம். அதற்குப் பிறகும் கைத்தையல் கில்ட் பல பத்தாண்டு உழைக்கும், அப்பாவுடையதை மகன் உடுத்துவது அங்கே சாதாரணம். வாடகைக் கில்ட் உங்கள் சீட் அளவுக்குத் தைத்தது அல்ல என்பது கணக்கில் வராத இன்னொரு வித்தியாசம்.

பழையது வாங்கலாமா?

அளவு பொருந்தினால் இதைவிட நல்ல பேரம் இல்லை. நன்கொடையாக வந்த பொருளை விற்கும் தர்மக் கடைகளிலும் வாடகைக் கடைகள் கழிக்கும் சரக்கிலும் கம்பளிக் கில்ட் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ராணுவப் பழைய கில்டுகள் கனமான துணியில், கோட்டுக்கு மடித்த, அதாவது எல்லா மடிப்பிலும் ஒரே நிறக்கோடு தெரியும் மடிப்போடு வரும், தேய்மானம் தாங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்து அரித்த ஓட்டை தேடுங்கள். ஸ்போரன் உரசும் ஏப்ரன் நடுப்பகுதி இளைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வார் பிய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். நீளம் ஒத்துவராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எப்படிப் பராமரிப்பது?

கழற்றியதும் காற்றாட விட்டு, பிரஷ்ஷால் தட்டி, இடுப்புப் பட்டியைக் கவ்விப் பிடிக்கும் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கறையைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். டிரை கிளீனிங் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், கில்டுக்குப் பழகிய கடையாகப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் மடிப்பை இடம் மாற்றி இஸ்திரி போட்டுவிடுவார்கள். வீட்டில் போடுவதென்றால் ஒவ்வொரு மடிப்பையும் கீழே தற்காலிகத் தையலால் பிடித்துக்கொண்டு, ஈரத் துணி போர்த்தி அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். புதுக் கில்டிலும் இப்படி வெள்ளை நூல் தையல் இருக்கும். உடுத்தும் முன் பிரித்துவிட வேண்டும்.

அந்துப்பூச்சி பெரும் எதிரி. கம்பளியைத் தின்பது அதன் புழு, வியர்வையும் உணவுக் கறையும் இருக்கும் இடத்தை முதலில் பிடிக்கும். அழுக்கோடு உள்ளே வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பாச்சை உருண்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது எழுத்தில் என்னென்ன வாங்க வேண்டும்?

மில்லின் பெயர், டார்ட்டனின் பெயரும் சாய வகையும், அவுன்ஸ், எத்தனை கெஜம், கட்டத்துக்கு மடிப்பா (பின்னாலும் டார்ட்டன் கட்டம் அப்படியே தெரியும்) கோட்டுக்கு மடிப்பா, ஃபெல் கைத்தையலா, ஸ்டீக்கிங் உண்டா, வார் எத்தனை, உங்கள் மூன்று அளவுகள், அளந்தது யார், தரும் தேதி. கையால் தைக்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கைக்கு வரும்படி பேசுங்கள்.

பிரிட்டனில் இணையத்தில் வாங்கும் பொருளைத் திருப்பித் தர உள்ள 14 நாள் உரிமை அளவெடுத்துத் தைத்ததற்குக் கிடையாது. ஆனால் எழுதிக் கொடுத்த அளவுக்கோ துணிக்கோ பொருந்தாமல் வந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அந்த ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், மிஞ்சிய துணித் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்து அரித்தால் ஒட்டுப் போட அதே சாயத்தில் துணி வேறெங்கும் கிடைக்காது.